இளைப்பு நோயின் மருந்தும் செவிலியர் பணியும்



உண்பதற்கு நாம் நேரம் ஒதுக்குகிறோம், உறங்குவதற்கும் ஒதுக்குகிறோம். மூச்சு விடுவதற்கென்று நேரம் ஒதுக்குவார் எவருமில்லை. ஆனால் இளைப்பு நோய் கண்டவரைக் கேட்டுப் பாருங்கள். ஊர் அடங்கிய பின், நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, விடியும் வரை மூச்சு விடுவதையே தொழிலாகச் செய்துகொண்டிருப்பார். இந்நோயைச் சிலர் இரைப்பு என்பர். சிலர் ஈளை என்பர். சித்த மருத்துவத்தில் இது சுவாசகாசம் எனப்படும். ஆஸ்துமா என்னும் சொல்லோ இன்று பட்டிதொட்டியெங்கும் பரவிவிட்டது.

நான் மருத்துவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் 35 ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். அப்படியிருக்க இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். இந்நோய் என் பாட்டியை வருத்தியது. முதுமையில் என்னையும் பற்றியது. இடையில், என் அறியாமையால் ஒரு மாணவனையும் வருத்தியது. அந்த உரிமை கொண்டே பேசுகிறேன்.

முதலில் என் பாட்டியின் செய்தி. அவரை நாங்கள் ஆயா என்று அழைப்போம். திண்டிவனத்துக்கு அருகே ஒரு சிற்றூர். மார்கழிப் பனி இறங்கினாலும், களத்தில் மணிலாக்கொட்டை உடைக்கும் தூசி எழுந்தாலும் ஆயாவுக்கு இரைப்பு வந்துவிடும். ஏரிக்கரையில் தானே முளைத்துக் கிடக்கும் ஊமத்தையின் இலையை நிழலில் உலர்த்தி, சுருட்டாகச் சுருட்டி, இரண்டு மூன்று இழுப்பு இழுப்பார். சற்று நேரத்தில் இரைப்புத் தணியும். ஒரு நாள் இரவு நோய் கடுமையாக இருந்தது. ஆயா அளவு மீறிப் புகைத்ததோடு, அவ்விலையை வேகவைத்த நீரையும் பருகிவிட்டார். சிறிது நேரத்தில் நா வறண்டது, கண்மணிகள் விரிந்தன, இல்லாதவர்களோடு பேசத் தொடங்கினார், வெற்று வெளியில் எதையோ பறிப்பது போலக் கைகளை அசைத்தார். பேய் பிடித்துவிட்டது என்றே அண்டை வீட்டார் கருதினர். மறுநாள் மாலையில்தான் தெளிவு பெற்றார். அது பேயன்று, ஊமத்தையின் நஞ்சே என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் நான் அறிந்தேன். அவர் பிழைத்தது நற்பேறு. நேயர்கள் எவரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்று இங்கேயே வற்புறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

என் ஆயா புகைத்த அந்த ஊமத்தை, சென்னையிலிருந்து கடல் கடந்து சென்று மேனாட்டு மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றது என்பதை நம்மில் பலர் அறியோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். செடி கொடிகளில் பெரிதும் ஈடுபாடுடையவர்; சாயம் தரும் இந்திரகோபப் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் அமைத்தவர்; 1809இல் காலமானவர். இளைப்பு நோய்க்கு ஊமத்தைப் புகையை இந்நாட்டு மக்கள் கையாளுவதை அவர் கவனித்து, அதன் பயனை உணர்ந்தார். அவர் வாயிலாக இம்முறையை அறிந்த ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவர் 1802ஆம் ஆண்டில் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். சிம்ஸ் என்ற மருத்துவர் அதனை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். 1812இல் எடின்பரோ மருத்துவ இதழில் அது பற்றிய செய்தி வெளியாயிற்று. நம் நாட்டு ஊமத்தை அங்கே கிடைப்பதரிதாகவே, அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியைப் பயன்படுத்தத் தொடங்கினர். பின்னர் ஆஸ்துமாச் சுருட்டு என்றும், எரித்து முகரும் தூள் என்றும் பல வடிவங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது விற்பனையாயிற்று. இருபதாம் நூற்றாண்டிலும் அவ்விற்பனை நீடித்தது.

அவ்விலையில் அப்படி என்னதான் இருக்கிறது? அட்ரோபின் முதலிய காரப்பொருள்கள் இருக்கின்றன. நம் மூச்சுக் குழாய்களைச் சுற்றி மெல்லிய தசைகள் உள்ளன. அவை இறுகும்படி நரம்பு கட்டளையிடுகிறது, அட்ரோபின் அக்கட்டளையைத் தடுக்கிறது, தசை தளர்கிறது, வழி திறக்கிறது. அந்த அட்ரோபினே உமிழ்நீரை வற்றச் செய்கிறது, கண்மணியை விரிக்கிறது, மிகுந்தால் அறிவையும் மயக்குகிறது. ஆயாவின் இரைப்பைத் தணித்ததும், அவரைப் பிதற்றச் செய்ததும் ஒரே பொருள்தான். பிற்காலத்து அறிஞர்கள் அட்ரோபினைச் சிறிது மாற்றி, மூளையை எட்டாதவாறும் மூச்சுக் குழாயிலேயே பெரிதும் தங்கி வேலை செய்யுமாறும் ஒரு மருந்தை உருவாக்கினர். 1970களில் புழக்கத்துக்கு வந்த இப்ராட்ரோபியம் அதுவே. இன்றும் மருத்துவமனைகளில் புகை வடிவில் கொடுக்கப்படுகிறது. ஆகவே அவ்விலையின் பயன் அழியவில்லை, அளவு கண்டது.

இளைப்பு நோய்க்குரிய மற்ற மருந்துகளின் வரலாறும் இத்தகையதே. நம் வேலியோரத்து ஆடாதோடையை எடுத்துக்கொள்வோம். உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்னும் வேதியியலார் 1888இல் அதன் இலையிலிருந்து வாசிசின் என்ற பொருளைப் பிரித்தறிந்தார். சளியை இளக்குவதற்கு இன்று தரப்படும் புரோம்ஹெக்சின் அதன் வழியில் தோன்றியதே. அதே 1888இல் ஜெர்மானிய அறிஞர் கோசல், தேயிலையிலிருந்து தியோபிலின் என்னும் பொருளைக் கண்டார். அதற்கும் முன்னர், 1860இல், தாமே இளைப்பு நோயாளராகிய சால்ட்டர் என்ற ஆங்கில மருத்துவர், இந்நோய்க்குக் கடுங்காப்பி நல்லது என்று தம் நூலில் எழுதினார். காப்பியிலுள்ள காபீனும் தியோபிலினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் காப்பி குடித்தே நோயை ஆற்றலாம் என்று நேயர்கள் முடிவு கட்டிவிட வேண்டா!

1901இல் ஜப்பானியராகிய தக்கமினே அட்ரினலினைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார். இரண்டே ஆண்டுகளில் அதனை ஊசி வழியாக இளைப்பு நோயாளருக்குச் செலுத்திப் பயன் கண்டனர். சீன நாட்டு மூலிகையிலிருந்து பெற்ற எபிட்ரின் 1920களில் உலகெங்கும் பரவியது. வீக்கத்தைத் தணிக்கும் கார்ட்டிசோனைக் கண்டறிந்த பணிக்காக மூவருக்கு 1950இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனி, கையடக்கமான அந்தக் குழாய் மருந்து, அதாவது இன்ஹேலர், பிறந்த கதையைக் கேளுங்கள். 1955இல் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மெய்சன். அவருடைய மகளுக்கு வயது 13. இளைப்பு நோய் உண்டு. அக்காலத்தில் ரப்பர்க் குமிழை அழுத்தி மருந்தைத் தூவும் கண்ணாடிக் கருவியைத்தான் சுமந்து திரிய வேண்டும். அது எளிதில் உடையும். "தலைமுடிக்குத் தெளிக்கும் மருந்து குப்பியில் வருகிறதே, என் மருந்தும் அப்படி வரக் கூடாதா?" என்று அச்சிறுமி தந்தையைக் கேட்டாள். மறு ஆண்டே, அதாவது 1956இல், ஒரு அழுத்தத்துக்கு ஒரே அளவு மருந்து வெளிப்படும் குழாய் விற்பனைக்கு வந்துவிட்டது. சிறுவர் கேட்கும் கேள்வியைத் தள்ளிவிடலாகாது என்பதற்கு ஆசிரியர்களுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும் அளவு அறியாத இடத்தில் நன்மையே தீமையாகும். 1960களில் இங்கிலாந்தில் ஆஸ்துமாவால் இறந்தோர் தொகை, குறிப்பாக இளையோரிடையே, திடீரென உயர்ந்தது. ஆராய்ந்தபோது, செறிவு மிகுந்த ஐசோபிரினலின் குழாய்களை மக்கள் தம் விருப்பம்போல் பயன்படுத்தி வந்தது தெரிந்தது. மருந்தின் மிகுதி இதயத்தைத் தாக்கியது என்றனர் சிலர். குழாயையே நம்பி, நோய் முற்றும் வரை மருத்துவரிடம் செல்லாமல் இருந்ததே காரணம் என்றனர் வேறு சிலர். 1968இல் மருத்துவர் சீட்டின்றி அதனை விற்கலாகாது என்று விதி செய்தனர். இறப்பும் குறைந்தது.

இவ்வனுபவத்தின் பின் ஓர் உண்மை தெளிவாயிற்று. இளைப்பு நோய் தசை இறுகுவதால் மட்டும் வருவதன்று. மூச்சுக் குழாயின் உட்சுவர் நாட்பட வீங்கிச் சிவந்து கிடக்கிறது. அதன் மேல்தான் தசை இறுகுகிறது. ஆகவே மருந்துகள் இரு வகை. சால்புட்டமால் போன்றவை இறுக்கத்தை உடனே தளர்த்தும். ஆனால் வீக்கத்தை ஆற்றா. பெக்ளோமெத்தசோன், புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் வீக்கத்தை ஆற்றும்; ஆனால் அவற்றின் பயன் மெல்லத்தான் தெரியும். சால்புட்டமால் 1969இலும், உறிஞ்சும் பெக்ளோமெத்தசோன் 1972இலும் இங்கிலாந்தில் வெளிவந்தன. முதல் வகை, பற்றி எரியும் கூரைமேல் நீர் ஊற்றுவது. இரண்டாம் வகை, கூரை பற்றாதபடி அடுப்பைக் காப்பது. பெரும்பாலோர் முன்னதை விரும்பிப் பின்னதைக் கைவிடுகின்றனர். ஏனெனில் முன்னதன் பயன் கண்முன் தெரிகிறது. 1993 முதல் ஆஸ்துமாவுக்கு நெறிமுறை வகுத்து வரும் உலக அமைப்பு, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் உடனடித் தணிப்பு மருந்தை மட்டும் தனியே நம்பியிருக்கலாகாது என்று 2019இல் வெளிப்படையாகவே அறிவித்தது.

நேயர்களே, மருந்தின் வரலாறு இது. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து நோயாளரின் மார்பைச் சென்று சேர்வது யார் கையால்? இங்கேதான் செவிலியர் வருகின்றனர்; இங்கேதான் நம் திண்டிவனமும் வருகிறது.

1890ஆம் ஆண்டு. அமெரிக்கப் பாதிரிமார் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண், நோயுற்ற தாயைப் பேணுவதற்காகத் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக, அவர் இல்லத்துக்கு வந்தனர். மூவர் வீட்டிலும் மனைவியர் பேறுகாலத் துன்பத்தில் கிடந்தனர். ஐடாவின் தந்தையார் மருத்துவர். ஆனால் ஆடவர் வந்து பார்க்க அவர்களின் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அவ்விரவில் கொண்ட உறுதியால் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கினார். இவ்வரலாற்றை நம் வட்டாரத்தார் பெருமையோடு சொல்வதுண்டு. அதன் பிற்பகுதியைச் சொல்வோர் குறைவு. அவர் அங்கே மருத்துவப் பள்ளியை 1918இல்தான் தொடங்கினார். செவிலியர் பயிற்சிப் பள்ளியோ அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1909இல் தொடங்கிவிட்டது. 1946இல் அங்கே செவிலியர் பட்டப்படிப்பும் ஏற்பட்டது. இந்தியாவில் இப்படிப்பு முதன்முதல் தொடங்கியது அவ்வாண்டில்தான். நம் பக்கத்தில் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது. மருத்துவர் எண்ணிக்கை பெருகப் பெருக, அவர் சொல்லை நோயாளர்க்கு விளங்கவைக்கும் செவிலியரின் தேவையும் பெருகுகிறது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். 1990களின் இறுதியில் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், பத்தாம் வகுப்பில் ஒரு மாணவனுக்கு இளைப்பு நோய் இருந்தது. தந்தை அரிசி ஆலையில் கூலி வேலை செய்பவர். மருத்துவர் அவனுக்கு இரண்டு குழாய்களை எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் அவன் வகுப்பில் அதை உறிஞ்சுவதைக் கண்டு, தந்தையை வரவழைத்தேன். "இந்த வயதிலேயே பம்பைப் பழக்கிவிடாதீர்கள், பின்னால் அது இல்லாமல் இருக்க முடியாது" என்று அறிவுரை கூறினேன். கள்ளையும் புகையிலையையும் போல இதுவும் ஒரு பழக்கம் என்றே நான் எண்ணியிருந்தேன். தந்தையார் கைகூப்பி, "நீங்க சொன்னா சரிங்க சார்" என்று கூறிச் சென்றார். மருந்து நின்றது. பங்குனியில், பொதுத்தேர்வின் நடுவே, ஒரு விடியற்காலை அவனைப் பேச்சு மூச்சற்ற நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். உயிர் பிழைத்தான், தேர்வு போயிற்று, ஓர் ஆண்டு போயிற்று. தந்தையார் என்மேல் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. தலைமையாசிரியர் சொன்னது தவறாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அதுதான் இன்றளவும் என்னை வருத்துகிறது.

ஓய்வுக்குப் பின் அந்நோய் என்னையே பற்றியது. அதே குழாய் என் சட்டைப் பையில் ஏறியது. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தியும் பயன் இல்லை. மருந்தே சரியில்லை என்று குறை கூறிக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, பணியிலிருந்த செவிலியர், என் மாணவியர் வயதுடைய பெண், "ஐயா, நீங்க எப்படி எடுத்துக்கிறீங்கன்னு என் முன்னால ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றார். செய்து காட்டினேன். வாயில் மருந்தைத் தெளித்துவிட்டு, பிறகு மூச்சை இழுத்தேன். "மருந்தெல்லாம் நாக்குலயே தங்கிடுது ஐயா" என்று சொல்லி, தாம் செய்து காட்டினார். குழாயை நன்கு குலுக்க வேண்டும்; முதலில் மூச்சை முழுதும் வெளியே விட வேண்டும்; உதடுகளால் குழாயின் வாயை இறுகப் பற்றி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும்; 10 வினாடி மூச்சை அடக்க வேண்டும். பிறகு என்னைச் செய்யச் சொன்னார். தவறினேன். திருத்தினார். மூன்றாம் முறை சரியாயிற்று. மறுநாள் காலை மீண்டும் வந்து செய்யச் சொல்லிப் பார்த்தார்.

நேயர்களே, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்த முறையே அது. செய்து காட்டு, செய்யச் சொல், திருத்து, மறுநாள் சோதித்துப் பார். வாழ்நாளெல்லாம் பிறர்க்கு அதைச் செய்த நான், மருந்து விஷயத்தில் கேட்டறியாமலே இருந்துவிட்டேன்.

செவிலியர் கவனிப்பவை இன்னும் பல. தெரிந்துகொண்டால் வீட்டிலிருப்போர்க்கும் பயன்படும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். சால்புட்டமால் கொடுக்குமுன்னும் பின்னும் அவர்கள் நாடித் துடிப்பையும் மூச்சின் எண்ணிக்கையையும் பார்ப்பர். கை நடுக்கமும் படபடப்பும் சிறிது நேரம் இருக்கக்கூடும் என்று முன்னரே சொல்லிவைப்பர். இல்லையேல் நோயாளர் அஞ்சி மருந்தை விட்டுவிடுவார். ஊமத்தையின் வழிவந்த இப்ராட்ரோபியத்தை முகமூடி வழியாகக் கொடுக்கும்போது, அது கண்ணில் படாதபடி பார்ப்பர். கண்ணழுத்த நோயுள்ளவர்க்கு அது தீங்கு செய்யும். முதியோர்க்குச் சிறுநீர் தடைப்படுகிறதா என்றும் கேட்பர். தியோபிலினுக்கு, பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. குமட்டல், வாந்தி, படபடப்பு முதலியன கண்டால் உடனே மருத்துவருக்கு அறிவிப்பர். புகைப்பழக்கம் உண்டா, வேறு மாத்திரைகள் உண்டா என்றும் விசாரிப்பர். ஏனெனில் புகைபிடித்தல் அம்மருந்தின் அளவை உடலில் குறைக்கும். சிப்ரோபுளோக்சசின் போன்றவை கூட்டிவிடும்.

ஸ்டீராய்டு உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்து உமிழச் சொல்வர். இல்லையேல் நாவில் வெண்படலம் படரும். பிரட்னிசோலோன் மாத்திரையை உணவுக்குப் பின் கொடுப்பர். நீரிழிவு உள்ளவர்க்குச் சர்க்கரையைச் சோதிப்பர். பல வாரம் உண்டவர் அதனைத் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது என்று எச்சரிப்பர். மாண்டிலுகாஸ்ட் உண்ணும் குழந்தையின் உறக்கமும் மனநிலையும் மாறுகின்றனவா என்று பெற்றோரைக் கேட்பர். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இது குறித்துக் கடும் எச்சரிக்கை விடுத்தது. குழாயை நேரே உறிஞ்ச இயலாத சிறுவர்க்கும் முதியோர்க்கும் இடைக்கலம் பொருத்திக் கொடுப்பர். இரத்த அழுத்தத்துக்கும் வலிக்கும் உண்ணும் மாத்திரைகளையும் பார்வையிடுவர். புரோப்ரனலோலும், சிலருக்கு ஆஸ்பிரினும் இளைப்பைத் தூண்டிவிடும்.

எல்லாவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. ஒரு வாக்கியத்தை முழுதும் பேச முடியாமை, உதடு நீலம் பாய்தல், குழாயை உறிஞ்சியும் தணியாமை ஆகியவை கண்டால் காலம் தாழ்த்தலாகாது. மார்பின் சீழ்க்கை ஒலி திடீரென நின்றுவிட்டால் நோய் தணிந்தது என்று வீட்டார் மகிழ்வர். நோயாளர் சோர்ந்து கிடக்கையில் அவ்வொலி நிற்குமானால், காற்று போகவே வழியில்லை என்று பொருள். தேர்ந்த செவிலியர் அம்மௌனத்தைக் கேட்டு ஓடி வருவர்.

ஊமத்தை இலையிலிருந்து உறிஞ்சு குழாய் வரை 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. மருந்து நாட்டுக்கு நாடு செல்லும், வடிவம் மாறும், பெயர் மாறும். அளவும் முறையும் தெரிந்து கற்பிப்பவர் இருந்தால் அது மருந்தாக நிற்கும். இல்லையேல் நஞ்சாகவோ வீணாகவோ போகும். என் ஆயாவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அந்த மாணவனுக்கு வாய்த்திருந்தவரின் சொல்லை நானே குறுக்கே நின்று தடுத்தேன். எனக்கு வாய்த்தார், இன்று உங்கள் முன் மூச்சு வாங்காமல் இவ்வளவு நேரம் பேச முடிகிறது.

உங்கள் பிள்ளையோ, உங்கள் வகுப்பு மாணவனோ அந்தக் குழாயை எடுத்து உறிஞ்சினால், தயவு செய்து தடுக்காதீர்கள். சரியாக உறிஞ்சுகிறானா என்று மட்டும் கேளுங்கள். தெரியவில்லையெனில், அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது செவிலியர்முன் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். அந்த மாணவனுக்கு நான் பட்ட கடனில் ஒரு பகுதியையேனும் இவ்வுரை தீர்த்திருந்தால் மகிழ்வேன்.